அந்த இன்ஜினைக் கெடுத்தவர் ஏழுமலை அல்ல

செய்தி வந்தபோது எலவனாசூர்கோட்டையில் என் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சீல் உடைந்த சிலிண்டர் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். நடுவில் போன் அடித்தது. மலைக்கு ஜீப் ஓட்டும் பெருமாள். "சிஸ்டர், ஏழுமலை அண்ணன் பூட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். "சரி" என்று போனை வைத்துவிட்டு, அந்தச் சீல் உடைந்த சிலிண்டரையே உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். சண்டை போட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

அன்று மத்தியானம் கருணாபுரத்தில் அவர் வீட்டின் முன் பந்தலில் உங்களில் பலர் நின்றிருந்தீர்கள். ஜீப் டிரைவர்கள், பள்ளிக்கூட வேன் டிரைவர்கள், மெக்கானிக்குகள். நான் மாலையோடு ஓரமாக நின்றேன். "அவரு ஓட்டின வண்டிய கண்ண மூடிக்கினு வாங்கலாம்யா" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர், "எல்லாம் சரி. அந்த ஆஸ்பத்திரி வேன் இன்ஜின மட்டும் கெடுத்துட்டாரே. எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் ஒண்ணு சறுக்கும்" என்றார். நாலைந்து பேர் தலையை ஆட்டினீர்கள். என் வாய் திறக்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த இன்ஜினைக் கெடுத்தவர் ஏழுமலை அல்ல. நான். இன்று அவருடைய கருமாதிக்குக் கூடியிருக்கும் உங்கள் முன்னால் இதைச் சொல்லத்தான் வந்தேன். வெறும் வாயால் பேசினால் தடுமாறுவேன், அல்லது எனக்குச் சாதகமாக எதையாவது விட்டுவிடுவேன். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

கல்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போகும் அந்த மருத்துவ வேனில் நான் நர்ஸ், அவர் டிரைவர். ஒன்பது வருடம் ஒரே வண்டியில் போனோம். என்னைவிட ஒரு வயது சின்னவர். இருந்தும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன், டிரைவர்களை அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். வாரத்தில் ஐந்து நாள் வெள்ளிமலையில் தங்கல். காலையில் ஏழு மணிக்கெல்லாம் கிளம்பினால்தான், பெண்கள் சாமைக் காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் போவதற்குள் ஊரில் பிடிக்க முடியும். நான் மருந்துப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்து பரபரத்துக்கொண்டிருப்பேன். அவர் சாவியைத் திருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நிமிடம் வண்டி நகராது. முதல் வாரமே கத்தினேன். "இன்ஜினுக்குக் காட்டுற கரிசனத்துல பாதிய வயித்துப்புள்ளக்காரிங்களுக்குக் காட்டக் கூடாதா?"

அவர் திரும்பக்கூட இல்லை. "ஓடும்போது தேயறது கம்மி சிஸ்டர். கிளம்பும்போதுதான் ஜாஸ்தி. ராப்பூரா எண்ணெ கீழ எறங்கி உக்காந்துக்கினு கீது. அது மேல ஏறணும். அதுக்குள்ள நான் மிதிச்சன்னா இரும்பும் இரும்பும் ஒரசும். அந்த ஒரசல் இன்னிக்குத் தெரியாது. ரெண்டு வருசம் கழிச்சு, நீங்க சொல்ற அந்த வயித்துப்புள்ளக்காரிய ஏத்திக்கினு போறப்ப நடுவழியில தெரியும்" என்றார்.  அதைக் கேட்டும் நான் கத்துவதை நிறுத்தவில்லை. ஒன்பது வருடமும் அந்த ஒரு நிமிடத்தில் தினம் ஒரு சண்டை போட்டேன். இன்றைக்கு யோசித்தால், நாள் முழுக்க அடுத்தவர் நோவைக் கேட்கிற எனக்கு, என் எரிச்சலைக் கொட்டக் கிடைத்த ஒரே நிமிடம் அதுதான். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

இன்ஜினுக்கு எண்ணெய்தான் ரத்தம் என்று டிரைவர்கள் எல்லோரும் சொல்வீர்கள். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். "ரத்தம் தானா ஊறும் சிஸ்டர். எண்ணெய நாமதான மாத்தணும்" என்றார்.

எண்ணெய் வாங்க அவர் என்னை அழைத்துக்கொண்டு போவது உங்களுக்குத் தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது. அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். கள்ளக்குறிச்சியில் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "சிஸ்டர், கண்ணாடி வூட்டுல வச்சிட்டேன், இந்த டப்பாவுல இன்னா போட்டுக்கீதுன்னு பாருங்க" என்பார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே கிடையாது. நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். பதினைந்து, டபிள்யூ, நாற்பது. அடியில் இருக்கும் பொடி எழுத்து வரைக்கும் படிக்கச் சொல்வார். டர்போ வைத்த டீசல் வண்டிக்கா என்று கேட்பார். வண்டிக் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் போட்டிருப்பதும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்பார். கடைக்காரர், "அண்ணே, அத்தவிட கெட்டியா ஒண்ணு கீது, பழைய வண்டிக்கு அதான் பலம்" என்றால் இவருக்குக் கோபம் வந்துவிடும். "கெட்டியா இருந்தா நல்லதுன்னு எவன் சொன்னான்? கூழு கெட்டியா இருந்தா நல்லது. புத்தகத்துல இருக்கறத குடு."

ஒருமுறை அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று விளக்கினார். "முன்னாடி கீற நம்பரு குளுருல கிளம்பறதுக்கு. பின்னாடி கீறது சூட்டுல மலை ஏறறதுக்கு. ரெண்டும் வோணும் சிஸ்டர்." நான் தடுப்பூசிக் கணக்கில் மூழ்கியிருந்தேன். "சரி சரி, வண்டிய எடுங்க" என்றேன். அன்று அதைக் காதில் வாங்கியிருந்தால் இன்று இதை எழுதவேண்டி வந்திருக்காது.

ஒரு மார்கழியில் அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை ஆனது. ஒரு மாதம் லீவு. சேலம் பக்கத்திலிருந்து தற்காலிகமாக ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சாவி போட்டதும் மிதித்துக் கிளம்புகிற ஆள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடம் மிச்சம். இரண்டாவது வாரம் அவர், "எண்ணெய் மாத்துற கிலோமீட்டர் வந்துடுச்சு சிஸ்டர், கள்ளக்குறிச்சிக்கு எறங்கணும்" என்றார். இறங்கினால் ஒருநாள் போய்விடும். மறுநாள் சேராப்பட்டில் கர்ப்பிணிப் பெண்கள் முகாம். வருவோம் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வெள்ளிமலையில் கிணற்று மோட்டார்களுக்கு எண்ணெய் விற்கும் ஒரு கடை உண்டு. டீசல் மோட்டாருக்கு ஊற்றுகிற எண்ணெய். மலையில் பாதி ஜீப்பில் அதைத்தான் ஊற்றுவார்கள், கெட்டியாக இருக்கிறது, வண்டிக்குப் பலம் என்று. நானே நடந்து போய் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். நாற்பது என்று போட்டிருந்தது. நாற்பதுதானே எப்போதும் வாங்குவது, சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் பதினைந்து இல்லை. அது கண்ணில் படவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். பட்டது. ஒருநாள் மிச்சமாகும் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அந்தத் தற்காலிக டிரைவரிடம் கொடுத்து ஊற்றச் சொன்னேன். ஊற்றிய அன்று இன்ஜின் சத்தம் நன்றாகவே அடங்கியது. எனக்குப் பெருமை. ஏழுமலை ஒன்பது வருடம் கட்டிக்காத்த இன்ஜினை ஒரே டப்பாவில் சரிசெய்துவிட்டேன் என்று, வந்ததும் அவரிடம் பீற்றிக்கொள்ள வசனம் கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். சேராப்பட்டு முகாமும் நன்றாக நடந்தது.

லீவு முடிந்து வந்த முதல் காலை அவர் பானெட்டைத் திறந்தார். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, நுனியிலிருந்ததை விரலில் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடி தேய்த்தார். பக்கத்து வீட்டுக் கோழிகள் காலைச் சுற்ற, நான் மருந்துப் பெட்டியோடு நின்றிருந்தேன்.

"எண்ணெ மாத்தனீங்களா சிஸ்டர்?"

"ஆமாண்ணே."

"இன்னா எண்ணெ?"

அவர் முகத்தைப் பார்த்ததும் நான் தயார் செய்த வசனமெல்லாம் ஓடிப்போயிற்று. ஒரு மாதம் கழித்து வந்த மனிதரிடம் முதல் நாளே திட்டு வாங்க எனக்கு மனசு வரவில்லை. "எப்பவும் ஊத்துறதுதான்" என்றேன்.

"நீங்க படிச்சிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்று கம்பியைச் செருகிவிட்டார். நான் செய்த பெரிய தப்பு எண்ணெய் ஊற்றியது இல்லை. இந்த இடம்தான். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், அன்றைக்கே அத்தனையும் வடித்துவிட்டுச் சரியான எண்ணெய் ஊற்றியிருப்பார். இரண்டு மூன்று வார உரசலோடு போயிருக்கும். என்னை ஒரு வாரம் திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

அடுத்த இரண்டரை மாதம் அதே எண்ணெய் ஓடியது. கரியாலூர் ஏற்றத்தில் ஒருநாள் அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். உடனே ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். நல்லவேளை, வண்டியில் நோயாளி யாரும் இல்லை. நாங்கள் இருவர்தான். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், எதிரே மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சி பட்டறையில் இன்ஜினைப் பிரித்தவர் காதர் பாய். இப்போது அவரும் இல்லை. எண்ணெய் தேங்கும் தொட்டியில் விரலை விட்டு, தார் மாதிரி ஒன்றை வழித்து எடுத்தார். உறிஞ்சும் வலையை அது பாதி அடைத்திருந்தது. பேரிங்குகளை மேசையில் வரிசையாக வைத்தார். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் செம்பு தெரிந்தது. "இது ஒருநாள்ல ஆனது இல்லமா. குளுருல கெட்டி எண்ணெ சீக்கிரம் ஏறாது. தினம் காலையில கொஞ்ச நேரம் மேல எல்லாம் காஞ்சே ஓடிக்கீது. கரிய கரைக்கிற மருந்தும் இந்த எண்ணெயில கெடையாது. அதான் கட்டி கட்டி அடைச்சிக்கிச்சி. இத்த எவன் ஊத்தினான்?" என்று கேட்டார். ஏழுமலை அந்தக் கருப்பைத் தன் விரலில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். 

வேனை நடத்திய தொண்டு நிறுவனத்தின் நிர்வாகி எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். யார் பொறுப்பு என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தேன், சொல்லத்தான். அதற்குள் ஏழுமலை, "எண்ணெ பாக்கறது என் வேல சார். லீவுல இருந்து வந்ததும் பாத்து மாத்தியிருக்கணும். மாத்தல" என்றார். நான் கனைத்தது அப்படியே நின்றுபோயிற்று. அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

வெளியே டீக்கடையில் அவரைப் பிடித்தேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"பொய்யா சொன்னேன்? மாத்தாதது நான்தான."

"நான் பொய் சொன்னதாலதான மாத்தல?"

"அன்னிக்கே கை சொல்லிச்சி, இது வேற எண்ணென்னு. நீங்க சொன்னீங்க, அதேதான்னு. கைய உட்டுட்டு உங்கள நம்பினேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே மேலும் சொன்னார். "வுடுங்க சிஸ்டர். டிரைவர் எங்கனா கெடைப்பான். மலையில வந்து தங்கறதுக்கு வேற எந்த சிஸ்டர் வரும்? நீங்க போயிட்டீங்கன்னா அந்தப் பொம்பளைங்க யார்கிட்ட காட்டுவாங்க? யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா ரெண்டு பேரும் பூடுவோம்."

நான் சரி என்றேன். அவருக்காகச் சரி என்றேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்துதான் சரி என்றேன்.

அதற்குப் பிறகு அவர் மணலூர்பேட்டையில் பள்ளிக்கூட வேன் ஓட்டியது உங்களுக்குத் தெரியும். அவருக்கு மலை போயிற்று. எப்போதாவது பஸ் நிலையத்தில் பார்ப்பேன். நலம் விசாரிக்க மாட்டார். "சாமை அறுத்துட்டாங்களா சிஸ்டர்? கரியாலூர் வளைவுல அந்தப் பள்ளத்த மூடிட்டாங்களா? சேராப்பட்டுல அந்தக் கெழவருக்குக் காலு இப்ப எப்டி கீது?" என்று மலையையே கேட்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். பஸ் வந்துவிடும். ஏறி உட்கார்ந்தால், ஜன்னல் வழியாக இன்னும் ஒரு ஊரைக் கேட்பார்.

புதிய வேனில் புதிய டிரைவர்கள் வந்தார்கள். நான் ஏறியதும் வண்டி கிளம்பிவிடும். "இருப்பா, ஒரு நிமிசம்" என்பேன். எதற்கு என்று கேட்பார்கள். எண்ணெய் ஏறட்டும் என்பேன். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நிமிடமும் நான் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சண்டை போட ஆள் இல்லை. அடுத்தவர்களிடம் கத்தினால் பயப்படுகிறார்கள், அல்லது முறைக்கிறார்கள். அவர் ஒருவர்தான் நான் கத்துவதைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பத்து வருடம் அப்படியே போயிற்று. மூன்று வருடத்துக்கு முன் நான் ஓய்வு பெற்றேன். அதற்குமேல் எனக்குப் போக வேலை இல்லை, பயப்பட நிர்வாகி இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை பார்க்கும்போது அவரிடமே கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது அவரை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருக்கிறது. கத்தக்கூட வேண்டாம், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

நேற்று அவர் மனைவி அஞ்சலையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கும், ஏழுமலை வீட்டிலாவது சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்துப் போனேன். சொல்லவில்லை.

 அஞ்சலை, "பதிமூணு வருசமா நான் அத்தையேதான் சிஸ்டர் சொல்லிக் காட்டினேன். கொழம்புல உப்பு ஜாஸ்தின்னா, 'இன்ஜினக் கெடுத்த ஆளு எனக்கு சொல்ல வந்துட்டியா'ன்னு கேப்பேன். பையனுக்கு எதனா புத்தி சொன்னாக்கூட அத்தையேதான் சொல்லுவேன். சிரிச்சிக்கினே துன்னுட்டு எழுந்து பூடுவாரு. செத்ததுக்கு ரெண்டு நாளு முன்னாடிகூட சொன்னேன்" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவரு இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப நான் யார்கிட்ட போயி மன்னிப்பு கேக்கறது?"

இறந்த வீடுகளில் எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறேன். அது என் வேலையில் பாதி. நேற்று அஞ்சலையின் கையைப் பிடிக்கப் போனேன், விலக்கிக்கொண்டார். அது சரிதான். கிளம்பும்போதுதான் கேட்டார். "நாளைக்கு டிரைவருங்க அத்தினி பேரும் வருவாங்க. அவங்க எதிர்ல சொல்லுவீங்களா?" சொல்கிறேன் என்றேன். "நான் பேசினதையும் சொல்லுங்க. அவரு சிரிச்சிக்கினு போனதையும் சொல்லுங்க" என்றார். அதனால்தான் அதையும் எழுதினேன். அஞ்சலை இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒருவர் போன பிறகு அவர் நினைவாக எதையாவது வைத்துக்கொள்வார்கள். ஏழுமலையிடமிருந்து எனக்கு வேண்டியது அந்தப் பழி ஒன்றுதான். அது என்னுடையது, அவர் வாங்கி வைத்திருந்தார். இனிமேல் அவர் பேச்சு எடுக்கும்போது, அவர் கையில் ஒரு வண்டியும் கெடவில்லை என்று சொல்லுங்கள். அந்த வேனைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்றால் என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எல்லோரும் சிஸ்டர், சிஸ்டர் என்றே கூப்பிட்டதில் உங்களில் பலருக்கு அது தெரியாது. என் பெயர் வசந்தா.